நீளமான சமையல்கட்டு

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் நலம், வேளைக்குச் சாப்பிடுகிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா?

வேலை நன்றாகவே நடக்கிறது. பாட்டும் தாளமும் இல்லாமல் வெறும் ஓசையை நாற்பது நிமிடம் இழுத்து, இசை என்று வெளியிடுகிறோம். கேட்பவர்களில் பாதிப் பேர் தூங்கிவிடுகிறார்கள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்கிறோம்.

புதிய இசைக்காக, சமையல்கட்டில் இருப்பதாகச் சொல்லி நீ போனில் பேசியதைப் பதிவு செய்து, நீ பேசாமல் இருந்த நொடிகளை மட்டும் கணினியில் நீட்டினேன். கூட வேலை செய்யும் பெண் கேட்டுவிட்டு, "எந்த ஆஸ்பத்திரியில பதிவு பண்ணே?" என்றாள்.

"ஆஸ்பத்திரியா? எங்கம்மா சமையல்கட்டு அது."

"இவ்ளோ நீளமாவா? ஸ்ட்ரெச்சர் உருள்ற சத்தம் வேற கேக்குதே!" என்று சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

அவள் போனபின் மூன்று வாரப் பேச்சையும் போட்டுக் கேட்டேன். "அப்பா தூங்குறாருப்பா" என்று நீ சொல்லும் இடத்திலெல்லாம் அதே நீண்ட ஆஸ்பத்திரி நடைகூடம் எதிரொலிக்கிறது.

கோபம் இல்லை அம்மா. போனில் கேட்டால் சமாளித்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன். வார்டு எண்ணை எழுது. உனக்கும் ஒரு போர்வை எடுத்துப்போ. ஸ்டுடியோவில் கூப்பிடுகிறார்கள். அடுத்த முறை போனை அப்பாவின் வாயருகே கொஞ்ச நேரம் பிடி. அவர் பேச வேண்டாம், மூச்சு விட்டால் போதும்.

உன் மகன்