காசு கொடுத்து நீட்டிய கை

அக்கா,

நேற்றுக் காலை நகப்பூச்சு அழிக்கும் அசிற்றோன் போத்தல் கைதவறி மேசையில் கவிழ்ந்துவிட்டது. அந்த மணம் கடை முழுவதும் ஏறிக் கண்ணைக் கரித்தது. துடைக்க வந்த பிள்ளைகள் இருவரும் துடைப்பதை விட்டுவிட்டு வாதாடத் தொடங்கினார்கள். என்னிடம் நக வேலை பழகுகிறவர்கள். பழகுவதற்குக் கை கொடுக்க வருகிறவர்களிடம் காசு வாங்கலாமா என்பதுதான் சண்டை. "நாம அவங்கட நகத்தில பிழை விட்டுப் பழகுறம். அதுக்குக் காசும் கேக்கிறது அநியாயம் கா" என்றாள் ஒருத்தி. "அப்ப நம்மட நேரத்துக்கு?" என்றாள் மற்றவள். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"வாங்கத்தான் வேணும்" என்றேன். ஏனென்று கேட்டார்கள். உங்களைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. நாளைக்குச் சொல்கிறேன் என்றுவிட்டு, நேற்றிரவே முதலில் உங்களுக்கு எழுதத் தொடங்கினேன்.

சுனாமியில் கடல் வந்து இரண்டு வருடம் கழிந்திருந்தது. எங்கள் பக்கம் ஷெல்லடி தொடங்க, அம்மாவும் நானும் பழுகாமத்திலிருந்து வாவியைக் கடந்து குருக்கள்மடத்து அகதி முகாமுக்கு வந்து சேர்ந்தோம். வயல்வட்டையில் நெல் வெட்டாமல் நின்றது. தம்பி எங்களோடு வரவில்லை. அவனை அதற்கு முன்பே இயக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கூடாரத்துக்குள் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க முடியாமல், மட்டக்களப்பில் ஒரு நிறுவனம் இலவசமாக நடத்திய அழகுக்கலை வகுப்பில் சேர்ந்தேன். கூரைத் தகரம் சூடேறும் ஒரு மண்டபம், பன்னிரண்டு பெண்கள், கொழும்பிலிருந்து வந்த ஒரு மிஸ்.

வெள்ளிக்கிழமைகளில் ஒவ்வொருவரும் ஒரு ஆளைக் கூட்டிவர வேண்டும். டவுனில் வசதியாக இருந்தவர்கள் எங்களை நம்பிக் கை தருவார்களா? ஆகவே, கடலில் வீடிழந்து தற்காலிகக் கொட்டில்களில் இருந்த பெண்களைத்தான் கூட்டிவந்தோம். அவர்களிடம் ஒரு சதமும் வாங்கக்கூடாது என்பது மிஸ்ஸின் கட்டளை. எனக்கும் அது சரியென்றே பட்டது. முதல் வெள்ளியே ஒரு அம்மாவின் நகக்கண்ணை வெட்டிவிட்டேன். இரத்தம் வந்ததும் பதறிப்போனேன். அவர் விரலை வாயில் வைத்துக்கொண்டு, "பரவாயில்ல புள்ள, சும்மாதானே செய்யிறாய்" என்றார். அதைப் பெருந்தன்மை என்று நினைத்தேன்.

அடுத்த வெள்ளி நீங்கள் வந்தீர்கள். கதிரையில் உட்காரும் முன்பே கேட்டீர்கள்: "எவ்வளவு?"

"காசில்லை அக்கா. நாங்க பழகுறம். இலவசம்."

"அப்ப எனக்கு ஒண்ணா, வேணாம்." கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டீர்கள்.

நான் வாசல் வரை பின்னால் ஓடிவந்தேன். ஆளில்லாமல் போனால் மிஸ் எனக்கு அன்றைக்குப் புள்ளி போட மாட்டார். உங்களுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. வாசற்படியில் நின்றுகொண்டு சொன்னீர்கள்: "ரெண்டு வருஷமா எல்லாம் இலவசம். வாளி இலவசம், பாய் இலவசம், ஆரோ போட்டுக் கழிச்ச சட்டை இலவசம். அளவில்லையெண்டு சொல்ல ஏலுமா? வாய மூடிட்டு வாங்கணும். காசு தந்தாத்தான் எனக்குப் பிழை சொல்ல வாய் வரும். இருவது ரூவா தருவன். நீ பழகுறவள், அதுக்கு மேல பெறாது."

மிஸ் மறுபக்கம் திரும்பியிருந்த நேரம் பார்த்து அந்த நோட்டை வாங்கி இடுப்பில் செருகினேன். அதற்குப் பிறகு நீங்கள் என்னைப் படுத்திய பாடு! சுண்டுவிரலில் பூச்சு தடித்துவிட்டது என்று அழிக்கச் சொன்னீர்கள். அழித்துப் பூசினால், ஓரம் வளைந்துவிட்டது என்றீர்கள். நாலு தரம். இருபது ரூபாவுக்கு என் உயிரை எடுக்கிறாளே என்று மனதுக்குள் உங்களைத் திட்டினேன்.

வலது கை மோதிரவிரலின் நகம் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி மற்றதன் மேல் ஏறி வளர்ந்திருந்தது. அதை மட்டும் விட்டுவிட்டேன். "இதுக்கும் சேர்த்துத்தான் காசு" என்று விரலை நீட்டினீர்கள். தண்ணீர் இழுத்தபோது ஒரு ஜன்னல் கம்பியைப் பிடித்த கை அது. மற்றக் கையில் உங்கள் புருஷன் இருந்தார். எந்தக் கை விட்டது, எந்தக் கை விடவில்லை என்று நீங்களாகவே சொன்னீர்கள், அழாமல். நான் அரத்தைக் கீழே வைத்தேன். "நீ ஏன் நிப்பாட்டினாய்? என்ட தங்கச்சிக்குக் கலியாணம் வருது. எங்கட பறங்கி ஆக்கள்ற கலியாணத்தில கையப் புடிச்சுத்தான் ஆடுறது. செய்" என்றீர்கள்.

அந்த நகத்தில்தான் நான் வேலை பழகினேன். ஒவ்வொரு வெள்ளியும் வந்தீர்கள்.

பிறகு அந்த நாள். நிறுவனத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் கமராவோடு பார்க்க வந்தார்கள். பூச்செண்டு, குளிர்பானம் எல்லாம் இருந்தது. பிளந்த நகம் படத்துக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். நேராக நம் மேசைக்கு வந்தார்கள். மிஸ் உங்கள் தோளில் கை வைத்து, "சுனாமியில எல்லாத்தையும் இழந்தவங்க. எங்கட பிள்ளைகள் இவங்களுக்கு இலவசமாச் செய்து குடுக்கிறாங்க" என்றார்.

"இலவசமில்ல. நான் காசு குடுத்து வாற ஆள்" என்றீர்கள் நீங்கள்.

மிஸ் என்னைப் பார்த்தார். "காசு வாங்கினியா? அகதிகளிட்டயா?"

அந்த நேரம் என் கண்ணுக்கு முன்னால் நின்றது வகுப்பு முடிவில் தரும் சேட்டிபிக்கற் ஒன்றுதான். "இல்ல மிஸ். அவங்க சும்மா சொல்றாங்க" என்றேன்.

நீங்கள் என்னைத் திட்டவில்லை. பாதி பூசியிருந்த கையை மடக்கி மடியில் வைத்தீர்கள். பிறகு எழுந்து போனீர்கள். "பாவம், அந்த மனுசிக்குக் கடலுக்குப் பிறகு மனம் சரியில்ல" என்று வந்தவர்களிடம் மிஸ் சொன்னார். அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன். உங்களைப் பைத்தியமாக்கிக் காட்டியது என் வாய்தான்.

அடுத்த வெள்ளி நீங்கள் வரவில்லை. நான் ஒரு பிளாஸ்டிக் கையில் பழகினேன். அது ஒன்றும் சொல்லவில்லை. என்ன பூசினாலும் ஏற்றுக்கொண்டது. அன்றைக்குத்தான் அந்த அம்மா இரத்த விரலோடு சொன்ன "சும்மாதானே" எனக்கு விளங்கியது. அது பெருந்தன்மையில்லை. கேட்கும் உரிமை தனக்கில்லை என்று அவர் நம்பியிருந்தார். அந்த நம்பிக்கையில் நாங்கள் பன்னிரண்டு பேரும் வசதியாக வேலை பழகிக்கொண்டிருந்தோம்.

உங்கள் தங்கச்சியின் கலியாணத்துக்கு முதல் நாள், சாமான் பையைத் தூக்கிக்கொண்டு உங்கள் கொட்டிலுக்கு வந்தேன். நீங்கள் கடன் வாங்கிய மெஷினில் தங்கச்சியின் கவுனுக்குக் கரை அடித்துக்கொண்டிருந்தீர்கள். நிமிரவில்லை.

"மன்னிப்புக் கேக்க வந்தியா, நகம் பூச வந்தியா?"

"ரெண்டுக்கும்."

"நகம் சும்மாவா?"

"இல்ல. காசு தரணும். இருவதிலும் கூட வேணும். நான் இப்ப முந்தின மாதிரி இல்ல."

அதற்குப் பிறகுதான் சிரித்தீர்கள். கரையை முடித்துவிட்டுக் கையை நீட்டினீர்கள்.

திங்கட்கிழமை வகுப்பில் எல்லோர் முன்னாலும் எழுந்து, "நான் காசு வாங்கினனான் மிஸ். அவங்க சொன்னது உண்மை. அவங்களுக்கு மனம் நல்லாத்தான் இருக்கு" என்றேன். சேட்டிபிக்கற் கிடைக்கவில்லை. அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. உங்களுக்குக் கல்வீடு கிடைத்ததும் முன் அறையில் ஒரு கதிரையும் மேசையும் போட்டு, "வாடகை தா, வந்து இரு" என்றீர்கள். அப்படித்தான் தொழில் தொடங்கியது.

போர் முடிந்ததென்று அறிவித்த நாளும் அந்த அறையில்தான் விடிந்தது. ரோட்டில் வெடி கொளுத்தினார்கள். கடைகளில் கொடி கட்டச் சொல்லிக்கொண்டு போனார்கள். தம்பி வன்னியில் என்பதற்கு மேல் எங்களுக்கு ஒரு செய்தியும் இல்லை. நான் கதவைப் பூட்டப் போனேன். நீங்கள் தடுத்தீர்கள்.

"பூட்டினா ஏன் பூட்டினாய் எண்டு கேப்பானுகள். கொடி கட்டினா நாளைக்கு உன்ட தம்பி வந்து கேப்பான். தொறந்து வச்சு வேலையச் செய்."

"இண்டைக்கு ஆர் கா நகம் பூச வருவா?"

நீங்களே கதிரையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் மேசையில் வைத்தீர்கள். வெடி ஒவ்வொன்றுக்கும் என் தூரிகை விலகியது. விலகிய இடத்தையெல்லாம் அழித்துத் திரும்பப் பூச வைத்தீர்கள். மத்தியானம் வரை ஒரே கை. கொடி கட்டச் சொன்னவர் எட்டிப் பார்த்தார். "கஸ்டமர் இருக்கு, மறுகா வாங்க" என்றீர்கள். அவர் வரவில்லை. தம்பியும் வரவில்லை, அக்கா. இன்று வரை.

நீங்கள் போனது வயிற்றுக் கட்டியால். அறுவைக்கு முன் நகத்தில் ஒன்றும் இருக்கக்கூடாது என்று தாதி சொல்ல, வார்டிலேயே பத்து விரலிலும் துடைத்தேன். "ஓரத்தில நிக்குது. வடிவாத் துடை" என்றீர்கள். நீங்கள் என்னிடம் பறைந்த கடைசிக் குறை அது. அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தீர்கள். குறை சொல்லும் பெலன் இருக்கவில்லை.

பிள்ளைகளிடம் இன்றைக்கு இதையெல்லாம் சொன்னேன். கொஞ்சமாக வாங்குங்கள், ஆனால் வாங்குங்கள் என்றேன். வாங்கினால் கை தந்தவரின் முகத்தைப் பார்த்து, பிடித்திருக்கிறதா என்று கேட்க வேண்டிவரும். இல்லை என்றால் அழிக்க வேண்டிவரும். "காசே இல்லாத ஆக்கள் வந்தா?" என்று சின்னவள் கேட்டாள். நல்ல கேள்வி. அவர்களிடமும், காசு கொடுத்தவர் போலத் திட்டச் சொல் என்றேன். அது வாயால் சொல்வது போல லேசில்லை என்பது எனக்கும் தெரியும்.

உங்கள் பிடிவாதம் என்னிடம் இருக்கிறது. போன மாதம் நகம் காயவைக்கும் மெஷின் ஒன்றை இலவசமாகத் தர ஒரு நிறுவனத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். 'போரால் பாதிக்கப்பட்ட பெண்' என்று எழுதிய பதாகைக்குக் கீழே நின்று படம் எடுக்க வேண்டுமாம். அதற்குக் கீழே நிற்க மாட்டேன் என்றேன். அப்படியென்றால் தர முடியாது என்றார்கள். கொண்டுபோங்கள் என்றேன். நல்ல மெஷின்தான் அக்கா. பிள்ளைகளுக்கு முகம் விழுந்துவிட்டது. டவுனில் அதே மாதிரி ஒன்றைக் கைக்காசு போட்டு வாங்கினேன். இரண்டாம் நாளே ஒரு பக்கத்து விளக்கு எரியவில்லை. பெட்டியோடு தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய், மாற்றித் தரும் வரை கடைக்காரரின் மேசையை விட்டு நான் அசையவில்லை.