ரோட்டைப் பார்த்த வீடு

என் மகாராணிக்கு,

முட்டிவலி தேவலையா? இங்கே நான் சுகம். என் தொப்பை என்னைவிடச் சுகம்.

நேற்று தரகரோடு போய் ஒரே கட்டடத்தில் இரண்டு வீடு பார்த்தேன். ஒன்று பின்பக்கம், சத்தமே இல்லை. மற்றது மெயின் ரோட்டைப் பார்த்தது. ஜன்னலைத் திறந்தால் லாரியே உள்ளே வருவதுபோல் இரைச்சல். பின்பக்க வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு, "ஏய், இது உனக்குப் போதுமா?" என்று பழக்கதோஷத்தில் திரும்பிக் கேட்டுத் தொலைத்தேன். பின்னால் நின்ற தரகர், "எனக்குத் தாராளம் சார்" என்றார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்ததும் அந்த வீட்டில் அமைதி தாங்கவில்லை. "ரோட்டுப் பக்கமே குடுங்க" என்றேன்.

"தூக்கம் வராது சார்!"

"இப்ப மட்டும் வருதாக்கும்!"

இன்னும் கையெழுத்துப் போடவில்லை. உனக்கு ஹாரன் சத்தம் ஆகாது. நீ ஊரை விட்டு இங்கே என்னோடு இருக்க வருவதாக இருந்தால் பின்பக்கத்தை வாங்குகிறேன். வரமாட்டாய் என்றால் எனக்கு ரோடு போதும். மாதக் கடைசிக்குள் சொல்.

எதற்கும் கையைத் தூக்கி, எட்டுகிற உயரத்தை அளந்து எழுது. சமையலறை அலமாரியை அதற்குக் கீழே அடிக்கச் சொல்ல வேண்டும். ஆபீஸ் வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்