சத்தமில்லாமல் ஓடிய படம்

1991 பெப்ரவரி 5, செவ்வாய்

மூன்று தரம் கூப்பிட்டேன். நாலாவது தரம் அடுப்படியை விட்டு வெளியே வந்து பார்த்தால், மனுசன் வேலியோரம் நின்று முருங்கை மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். சோறு ஆறிப்போனது. இருபத்திரண்டு வருசம் குடும்பம் நடத்திய பிறகு இவருக்கு என் குரல் புளித்துவிட்டது போல.

கார்த்திகையில் சைக்கிள் ரியூப் வாங்கப் பட்டினம் போனவர், கடைத்தெருவில் குண்டு விழ, உயிர் தப்பி வந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரே பிடிவாதம். கேட்டதற்குப் பதில் இல்லை. குண்டு போடும் பொம்மர் விமானம் வந்தாலும் அப்படித்தான். நான் பங்கர்க் குழிக்குள் குதித்த பிறகு மாப்பிள்ளை மாதிரி ஆறுதலாக நடந்து வருவார். இன்றைக்கும் வாய் நிறையப் பேசினேன். சிரிக்கிறார்!

பெப்ரவரி 9, சனி

பஞ்சலிங்கம் வந்தான். அடுத்த ஒழுங்கையில் புகையிலைத் தோட்டம் செய்கிறவன். ஜெனரேற்றர், ரீவி, வீடியோ டெக் எல்லாம் வைத்து ஊருக்குப் படம் காட்டுகிறவனும் அவன்தான். கையில் ஒரு கசெற்றை ஆட்டிக் காட்டினான். "அண்ணை, உங்கடை படம் அம்பிட்டிட்டுது!"

இவர் பட்டினத்துத் தியேட்டரில் ஒப்பரேற்றராக இருந்தபோது, ஐம்பத்திரண்டு நாள் தன் கையால் ஓட்டிய இங்கிலீசுப் படம். ஏழு வெள்ளைக்காரப் பெடியன்கள், ஒரு விமானம். எதிரி நாட்டு ரயில் சந்தியில் குண்டு போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். எத்தனை பேர் திரும்புவார்கள் என்பதுதான் கதை. கலியாணமான புதிதில் எனக்கு ஒரு கிழமை முழுக்க இந்தக் கதையே சொன்னார்.

நாளை பின்னேரம் மூன்று மணிக்குப் பஞ்சலிங்கத்தின் புகையிலைக் கொட்டிலில் காட்சி. இவர் பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல வேண்டுமாம்.

பக்கத்து வீட்டுத் தங்கமுத்து வேலிக்கு மேலால் கேட்டாள்: "ஏன் ரீச்சர், மேலை வந்து குண்டு போடுறவன் காணாதெண்டு ரீவியிலையும் போட்டுப் பாக்கப் போறியளோ?" போன ஆவணியில், மிளகாய்த் தோட்டத்துக்கு இறைத்துக்கொண்டு நின்ற அவள் புருசனைக் குண்டு கொண்டுபோனது. இவரோ அவள் சொன்னது ஒன்றும் தன்னைச் சேராத மாதிரி கசெற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபம்!

பெப்ரவரி 10, ஞாயிறு

கை ஓடவில்லை. ஆனாலும் ஒழுங்காக எழுத வேண்டும்.

கொட்டிலில் அறுபது பேராவது இருந்திருப்பார்கள். தங்கமுத்துவும் வந்து வாசலோடு குந்தினாள். இவர் வெள்ளைச் சேட்டோடு ரீவிக்குப் பக்கத்தில், சனத்தைப் பார்த்தபடி நின்றார். படத்தைத் திரும்பிப் பார்க்கத் தேவையே இல்லை, அவ்வளவு மனப்பாடம். "இவன்தான் கப்டன். ஊரிலை பெண்சாதி பிள்ளைத்தாச்சி. உவன் பாவம், வால் பக்கத்திலை தனிய இருந்து சுடுறவன்..." சனம் சொக்கிப்போய் இருந்தது. நானும்தான்.

விமானங்கள் எழும்பியதும் கொட்டிலே அதிர்ந்தது. இரண்டு குழந்தைகள் வீரிட்டன. ஒரு கிழவர் எழும்பி ஓடப் பார்த்தார். பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்: "உந்தச் சத்தத்தை நிப்பாட்டு பஞ்சலிங்கம்! உண்மையா பொம்மர் வந்தாலும் எங்களுக்குத் தெரியாமப் போயிடும்." அது நியாயம். பஞ்சலிங்கம் சத்தத்தை முழுதாக அடக்கினான். ஜெனரேற்றரும் தூரத்தில் கிணற்றடியில். கொட்டில் அமைதியாகிவிட்டது. படம் மட்டும் ஓடியது.

இவர் நிறுத்தவில்லை. குரலை உயர்த்தி, கையைக் காதுக்குப் பின்னால் வைத்துச் சொன்னார்: "கேளுங்கோ! நாலு எஞ்சினும் ஒண்டா இரையுது. கேக்குதோ? இந்த இரைச்சலுக்குள்ளை ஒருத்தன் கதைக்கிறது மற்றவனுக்குக் கேக்காது."

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பகிடி விடுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். இவர் ஒரு கணம் திகைத்தார், பிறகு தானும் சிரித்தார். அந்தத் திகைப்பை நான் கண்டேன்.

முருங்கை மரம். ஆறின சோறு. எனக்குப் பின்னால் வந்து பங்கருக்குள் இறங்குவது - ஐயோ, இந்த மனுசனுக்குக் காது கேட்பதில்லை. மூன்று மாசமாக!

குண்டுகள் விழுந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். தங்கமுத்து எழும்பினாள். "அந்த ஸ்ரேசனடியிலை இருந்த சனம் எங்கை? அதை ஏன் காட்டேல்லை?" என்று கேட்டுவிட்டுப் போனாள். இவர் அவளைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினார்.

பெப்ரவரி 11, திங்கள்

விடிய, இவர் முதுகுக்குப் பின்னால் நின்று செம்பைச் சீமெந்துத் தரையில் போட்டேன். திரும்பவில்லை. முன்னால் போய் நின்று அழுதேன். உடனே விளங்கிக்கொண்டார்.

"சொன்னா நீர் பள்ளிக்கூடத்தை விட்டிட்டு எனக்குக் காவல் இருப்பீர். அதுதான் சொல்லேல்லை."

நான் இல்லாத நேரம் பொம்மர் வந்தபோதெல்லாம் என்ன செய்தீர்கள் என்று சிலேற்றில் எழுதிக் காட்டினேன். "காகத்தைப் பாப்பன். எல்லாம் ஒண்டா எழும்பினா ஓடுவன்."

காகமாம்! தங்கமுத்து கேட்ட கேள்வியையும் எழுதிக் காட்டினேன். வாசித்தார்.

பெப்ரவரி 14, வியாழன்

பள்ளிக்கூடத்துக்கு என்னோடு வந்து இருங்கள் என்று எழுதிக் காட்டினால், "அரைக் காற்சட்டை தைச்சுத் தாரும், வாறன்" என்கிறார். லீவு போடலாம். போட்டால் ஓ.எல். சோதனை வகுப்புக்குக் கணக்குப் படிப்பிக்க ஆள் இல்லை. எட்டு மணியிலிருந்து ஒன்றரை மணி வரை இவருக்குக் காது யார்?

குண்டுக்குப் புருசனைப் பறிகொடுத்தவளிடம் எந்த முகத்தோடு கேட்பது? இருந்தாலும், பொம்மர் வந்தால் இவருக்குச் சைகை காட்டும்படி தங்கமுத்துவிடம் கேட்டேன். "பாப்பம்" என்றாள். அவ்வளவுதான்.

பெப்ரவரி 22, வெள்ளி

பொம்மர் வந்தது. வகுப்பை அப்படியே விட்டுவிட்டுச் சைக்கிளில் பறந்தேன். இவர் கிணற்றடியில் குளித்துக்கொண்டு, "ஏன் இண்டைக்கு நேரத்தோடை வந்திட்டீர்?" என்கிறார். இந்த மாதம் இது மூன்றாவது தரம். அதிபர் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

மார்ச் 6, புதன்

இன்றைக்கு எங்கள் ஒழுங்கையில் குண்டு விழுந்தது.

நான் வந்தபோது பின்வளவில் வாழைகள் முறிந்து கிடந்தன. பங்கர் வாசலில் இவர் மண்ணோடு இருக்கிறார். மடியில் தங்கமுத்துவின் கால். சாரத்தைக் கிழித்துக் கட்டியிருக்கிறார். அதெல்லாம் நனைந்து சிவந்துபோயிருந்தது.

இவர் வெங்காயப் பாத்தியில் குனிந்து புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். குனிந்தவருக்குக் காகம் எங்கே தெரியும்? தங்கமுத்து தன் பங்கருக்குள் இறங்கிவிட்டாளாம். எட்டிப் பார்த்தால் இவர் இன்னும் பாத்தியில். பொம்மர் குண்டு போடத் தாழப் பதியத் தொடங்கிவிட்டது. அவள் ஏறி வெளியே வந்து, வேலியில் இருந்த பொட்டு இடைவெளிக்குள்ளால் ஓடி, இவரைச் சேட்டில் பிடித்து இழுத்து எங்கள் பங்கருக்குள் தள்ளியிருக்கிறாள். தான் இறங்கக் கால் வைத்தபோது குண்டுச் சிதறல் பீஸ் பட்டுவிட்டது.

நான்தான் கேட்டேன். நான் கேட்டபடியால்தானே வந்தாள்.

மார்ச் 8, வெள்ளி

ஆசுப்பத்திரி. வலது பாதத்தில் பாதியை எடுத்துவிட்டார்கள்.

"முதலிலை கத்தினன் ரீச்சர். பிறகுதான் நினைச்சன், உந்த மனுசனுக்குக் கத்தி என்ன பிரயோசனமெண்டு." சிரித்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், என் கையைப் பிடித்து அமத்தினாள்.

"என்ரை மனுசனுக்கும் அண்டைக்கு நான் கூப்பிட்டது கேக்கேல்லை. தண்ணி இறைப்பு மிசின் இரைஞ்சுகொண்டு நிண்டது. நான் பங்கருக்குள்ளை இருந்துதான் கூப்பிட்டனான் ரீச்சர். வெளியிலை வரேல்லை. பயத்திலை வரேல்லை." இதை இதுவரை ஒருவரிடமும் அவள் சொன்னதில்லையாம்.

இவர் கட்டிலடியில் நின்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதிக் காட்டட்டுமா என்று அவளைக் கேட்டேன். "ஓம், காட்டுங்கோ" என்றாள். இவர் இரண்டு தரம் வாசித்தார். பிறகு சிலேற்றைத் தன் சேட்டாலேயே துடைத்தார்.

மார்ச் 27, புதன்

தங்கமுத்து வீடு வந்துவிட்டாள். ஊன்றுகோல் இவர் செய்தது. உயரம் காணாதென்று இரண்டு தரம் திருப்பி அனுப்பிவிட்டாள்.

ஏப்ரல் 21, ஞாயிறு

பஞ்சலிங்கம் கெஞ்சியதால் அந்தப் படத்தைத் திரும்பப் போட்டார்கள். இந்த முறை தொடக்கத்திலிருந்தே சத்தம் இல்லை. குண்டுகள் விழும் இடம் வந்ததும் இவர் சொன்னார்: "இதைப் படத்திலை காட்டேல்லை, நான் சொல்லுறன். அந்த ஸ்ரேசனடியிலை ஒரு தேத்தண்ணிக் கடை. கடைக்காரன்ரை பெண்சாதி உள்ளை இருந்து அவனைக் கூப்பிடுறாள். ரயில் சத்தத்திலை அவனுக்குக் கேக்கேல்லை."

அதோடு நிறுத்திவிட்டார். கை தட்ட ஒருவருக்கும் கை எழவில்லை. தங்கமுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், ஆனால் எழும்பிப் போகவில்லை.

மே 2, வியாழன்

நான் பள்ளிக்கூடம் வெளிக்கிடும் நேரத்தில் தங்கமுத்து எங்கள் வளவுக்கு வந்துவிடுகிறாள். பங்கர் வாசலில் அவளுக்கு ஒரு கதிரை. இவர் தோட்டத்தில் நின்றால் இடுப்பில் ஒரு நைலோன் கயிறு. மற்ற நுனி அவள் கையில். அவள் இழுத்தால் இவர் ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். "உங்கடை எருமை நல்லாப் பழகீட்டுது ரீச்சர்" என்கிறாள். நேற்று வேண்டுமென்றே நாலு தரம் இழுத்தாளாம்.

இன்று மூன்றாம் பாடத்தில் பொம்மர் வந்தது. பிள்ளைகளோடு பள்ளிக்கூடப் பங்கருக்குள் இருந்தேன். சத்தம் எங்கள் வீட்டுப் பக்கம்தான். இரண்டு குண்டு. பிறகு அமைதி.

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். வகுப்புக்கு ஏறிவந்து சோக்கை எடுத்தேன். விட்ட இடத்திலிருந்து கணக்கைச் செய்து முடித்தேன். அடுத்த பாடத்தையும் எடுத்தேன்.

ஒன்றரைக்கு மணி அடித்த பிறகுதான் சைக்கிளை எடுத்தேன்.