பேச்சு ஆட்டத்துக்கு வந்துவிட்டேன், மச்சான்

இன்று முதல் ஷிப்ட் முடிந்து, சுரங்கத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்ததும் சட்டைப் பையில் போன் இரண்டு முறை அதிர்ந்தது. போன் ஆட்டத்தில் நாங்கள் போட்ட ஆணைகள் திறந்துவிட்டன என்று அர்த்தம். என் கை நடுங்குவதைப் பார்த்துப் பக்கத்து சீட்காரர், "சுகரா?" என்றார். "இல்லீங்க, செர்பியா" என்றேன்.

மச்சான், நீ எத்தனை தடவை கூப்பிட்டும் நான் வராத பேச்சு ஆட்டத்தில் இப்போது இருக்கிறேன்.

ஏழு பேர், ஏழு நாடு, போனில் ஒரு பழைய ஐரோப்பா படம். தாயக்கட்டை கிடையாது. நாளெல்லாம் ரகசியமாகக் கடிதம் எழுதிக் கூட்டுச் சேர வேண்டும். பிறகு எல்லார் ஆணையும் ஒரே நேரத்தில் திறக்கும். யார் சொன்ன சொல் நின்றது, யார் முதுகில் குத்தினார்கள் என்று அப்போதுதான் தெரியும். உனக்கு அந்தக் கடிதங்கள்தான் ஆட்டமே. எனக்கோ கடிதமே இல்லாத மௌன ஆட்டம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு நகர்வு என்று ஓடும் அவசர ஆட்டத்தை இருவருமே ஒரே நாளில் கைவிட்டோம். நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் என் கப்பற்படை மூழ்கியிருந்தது.

நான் மௌனியானதற்குக் காரணம் உனக்குத் தெரியும். ஐ.டி.ஐ. படித்த எனக்கு எழுதத் தெரிந்தது லீவு லெட்டர் ஒன்றுதான். முதல் ஆட்டத்தில் ரஷ்யாவுக்கு, "ஐயா, வரும் பருவத்தில் தங்கள் எல்லைக்குள் நுழைய அனுமதி அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதி, நகலை மற்ற ஐந்து நாட்டுக்கும் அனுப்பினேன். ஒரே வாரத்தில் என் நாடு காலி. கேன்டீனில் நீ டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டு சிரித்தாய்.

"படையெடுக்க பர்மிசன் கேட்டுகினு நிக்கிறியே, நீயெல்லாம் ராஜாவா?"

"அதான் இனிமே பேசாம ஆடுறேன்."

"பேசாம ஆடணும்னா பல்லாங்குழி ஆடு மச்சான். நீ ஒண்ணும் பெருசா எழுத வாணாம். அவனுக்கு யாரப் பாத்து பயம்னு மொதல்ல கேளு. அப்பறம் அவனே பேசுவான்."

நான் கேட்கவில்லை. நீ கண்ணை மூடிய பிறகும் எட்டு மாதம் மௌன ஆட்டமாகவே ஆடினேன். போன மாதம் ஒருநாள், இத்தனை ஆட்டம் முடித்தும் யாரோடு ஆடினேன் என்றே தெரியவில்லை என்பது உறைத்தது. பேச்சு ஆட்டத்துக்குப் பெயர் கொடுத்தேன்.

நேற்று நான் பிடித்து வைத்திருந்த இடங்களில் மிச்சம் இருந்தது செர்பியா மட்டும்தான். அதுவும் போனால் ஆட்டத்தை விட்டே வெளியே. பக்கத்து நாடான துருக்கி துணை நின்றால் தப்பலாம். ஏறி மிதித்தாலும் கேட்க ஆளில்லை. எழுதினேன்: "உங்களுக்கு யாரைப் பார்த்து பயம்?"

அரை மணியில் பதில். "ரஷ்யாதாண்ணே. ஏன், உங்ககிட்ட எதாவது சொன்னானா?"

அதன் பிறகு பதினோரு கடிதம் போய் வந்தது. நகல் யாருக்கும் போகவில்லை.

இன்று பஸ்ஸில் போனைத் திறந்தேன். துருக்கி துணை நின்றிருந்தது. செர்பியா தப்பியது! நான் போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டார். வீடு வந்து சேர்வதற்குள் எங்கள் பிளாக் முழுக்கச் செய்தி. "அப்பா, பஸ்ஸையே நிறுத்துனீங்களாமே?" என்றாள் மகள்.

முதலில் உன்னிடம்தான் சொல்லியிருப்பேன். நீ இல்லாததால் துருக்கிக்காரருக்கு எழுதினேன், உன்னைப் பற்றி. போருக்குச் சம்பந்தமே இல்லாத கடிதம், நீளமாகப் போய்விட்டது. பதில் இப்போதுதான் வந்தது: "அவரு எந்த நாடு எடுப்பாருண்ணே?"

உட்கார்ந்து அவருக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன், மச்சான். நாளைய ஆணையை இன்னும் போடவில்லை.