பச்சைக்கு ஒரு புள்ளி

புரட்டாசி 9, வியாழன்

காலையிலேர்ந்து மூட்டம். துணி காயல. மறுபடியும் அதே ஈர நைட்டி.

செய்ய வேண்டியது: ரேஷன் (கார்ட அத்தை எங்கியோ வெச்சுட்டாங்க). கேஸ் புக் பண்ணணும். பொட்டுக்கடல. இவரோட கேம் ஸ்கிரீன மறுபடி அடுக்கணும். எத்தினியாவது தடவன்னு எண்றத வுட்டாச்சு.

எல்லாம் பிரபு அண்ணன் உத்தரவு. (இனிமே பி.அ. முழுப்பேர் எழுத இன்னிக்கி மனசில்ல.) திருக்கோவிலூர்ல ஜெராக்ஸ் கட. அங்க இன்னா அதிகாரமோ தெரியாது, கேம்ல எங்க குழுவுக்குக் கலெக்டர். அவரு மாமனாரு வூடு கச்சிராயபாளையம். போன வருஷம் அந்த வூட்டு மோட்டருக்கு ஒயர் கட்டப் போனாரு இவரு. அங்க மாப்ளயா ஒக்காந்துக்கினு பி.அ. லேப்டாப்புல ஆடிக்கினு இருந்தாரு. மோட்டர் ஓடிச்சி, இவரும் கேமுக்குள்ள எறங்கிட்டாரு. பின்னாடியே நானும்.

நான் அடிக்கிற ஆளு. இவரு ஹீலர், மருந்து போடற ஆளு. அடி வாங்கினவங்கள எழுப்பறது, விஷம் எடுக்கறது. கேமோட சொந்த ஸ்கிரீன்ல இதெல்லாம் பொடி எழுத்துல வரும், ஒண்ணும் தெரியாது. அதுக்குத்தான் ஆட்-ஆன். வெளியிலேர்ந்து சின்னச் சின்ன புரோகிராம் போட்டு ஸ்கிரீன நம்ம இஷ்டத்துக்கு மாத்திக்கலாம். அந்த வேல என் தலையில. பி.சி.ஏ. படிச்சதுக்கு வேற எங்க உபயோகம்.

இப்ப பி.அ. சொல்றாரு, எல்லா ஹீலரும் அவரு செட்டிங்கயேதான் போட்டுக்கணுமாம். நான் பாத்துப் பாத்து அடுக்கினது எல்லாம் குப்பையில.

அத்தை பின்னாடி நின்னு பாத்துட்டு, "இன்னாடி அது, மாத்திர அட்ட மாதிரி"ன்னாங்க. மாத்திர அட்டதான் அத்தைன்னேன். ஒவ்வொரு கட்டமும் ஒரு ஆளு. கட்டத்த சுத்தி பச்சை வந்தா விஷம். பழுப்புன்னா நோய். நீலம் மந்திரம், ஊதா சாபம். நாலுக்கும் நாலு மருந்து, நாலு பட்டன். தப்பா அமுக்கினா மருந்தும் வீண், ஆளும் காலி. உங்க புள்ள வேல அதான்.

ஒழுங்கா அமுக்கறானான்னு கேட்டாங்க. இல்லன்னேன்.

புரட்டாசி 11, சனி

பெருமாளுக்குப் படையல். வட, சுண்டல், பாயசம். முதுகு போச்சு. இன்னும் ரெண்டு சனிக்கெழம பாக்கி. வூட்டுல மீன் வாசன மறந்தே போச்சு.

நாளைக்கி சேத்து ராணி, கேம்ல வர்ற பெரிய அரக்கி. குழுவே ஒரு மாசமா இவளத்தான் முட்டிக்கினு கெடக்குது. இதுக்கு முன்ன வந்ததெல்லாம் வெறும் விஷந்தான் போடும். இவ நாலையும் கலந்து வாரி எறையிறா.

சாயங்காலம் இவர ஒக்கார வெச்சு பாடம். பச்சைன்னா? விஷம். பழுப்புன்னா? நோய். வாயில தண்ணி மாதிரி வருது. ஸ்கிரீன்ல காட்டினா "ம், தெரியுது தெரியுது"ன்னு தலையாட்டல். பழுப்புக்கு விஷ மருந்து. கேட்டா கை தவறிடிச்சாம்.

பச்சைய இன்னும் பளிச்சின்னு வெச்சேன். ஓரத்த தடிசா பண்ணேன். மின்னற மாதிரி கூட பண்ணேன். கல்யாண வூட்டு சீரியல் பல்பு தோத்துச்சி. அப்பவும் தப்பு.

கவனம் கம்மி. அவ்ளோதான். வேற இன்னா.

புரட்டாசி 12, ஞாயிறு

வெயில். மத்தியானம் சாப்ட ஒடனே ராணி.

தோல்வி. தோல்வி. தோல்வி.

ராணி பாதி உசுருக்கு வந்தா போதும், இவரு நோய்க்கு விஷ மருந்து போடுவாரு, ஒருத்தர் விழுவாங்க, அப்பறம் கடகடன்னு எல்லாரும். கடைசி தடவ நானே விழுந்தேன். என் கட்டம் முழுக்க பச்சை. பக்கத்து நாற்காலியில ஒக்காந்துக்கினு என்னையே சாவ வுடறாரு மனுஷன்.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?"ன்னு கத்திட்டேன்.

மைக் தெறந்திருந்திச்சி. குழு முழுக்க கேட்டாச்சு. யாரோ சிரிச்சாங்க.

இவரு ஹெட்போன கழட்டி வெச்சாரு. வண்டிய எடுத்துக்கினு எங்கியோ போனாரு, யாரோ மோட்டருக்குக் கூப்ட்டாங்கன்னு. போனே அடிக்கல, எனக்குத் தெரியாதா.

பி.அ. எனக்குத் தனியா மெசேஜ்: அடுத்த ஞாயிறும் இதே கததான்னா உன் வூட்டுக்காரர் செந்தில வெளிய ஒக்கார வெச்சுட்டு வேற ஆளப் பாக்கறேன், தப்பா நெனைக்காதம்மா.

ரெண்டு தடவ படிச்சேன். மத்தவங்களுக்கு இது விளையாட்டு. இவரு நாள் பூரா கெணத்துல எறங்கி, கிரீஸும் சேறுமா வராரு. ஊருல பேரு கூட கெடையாது, 'யோவ் மோட்டரு'ன்னுதான் கூப்புடறாங்க. "நல்லவேள செந்தில் இருந்தான்"னு யாராவது சொல்றது அந்தக் கேம்ல மட்டும்தான். அத சொல்ற அன்னிக்கி ரெண்டு தோச ஜாஸ்தி சாப்புடுவாரு.

புரட்டாசி 13, திங்கள்

ரேஷன் கார்டு கெடச்சிடிச்சி. அரிசி டிரம்முக்குள்ள. கேட்டா, பத்திரமா வெச்சாங்களாம்.

பேச்சு வார்த்த இல்ல. "சோறு." "ம்." "கொழம்பு." "ம்."

நேத்து கேம்ல நடந்த சண்டையோட பதிவ எறக்கிப் பாத்தேன். யாரு எப்ப எந்த பட்டன அமுக்கினாங்க, எல்லாம் இருக்கும். திட்டறதுக்கு ஆதாரம் தேடித்தான் பாத்தேன், பொய் சொல்லுவானேன்.

ஆனா ஒண்ணு. பச்சைக்கு நீல மருந்து போட்டதே இல்ல இவரு. ஒரு தடவ கூட. பச்சைக்குப் பழுப்பு, பழுப்புக்குப் பச்சை. ஊதாவுக்கு நீலம், நீலத்துக்கு ஊதா. எப்ப தப்பு பண்ணாலும் இந்த ஜோடிக்குள்ளயேதான். கவனம் இல்லாதவன் கண்டபடிதான தப்பு பண்ணுவான்?

விளங்கல. தலவலி. அத்தை சீரியல் சத்தம் வேற.

புரட்டாசி 15, புதன்

கல்வராயன் மல. வெள்ளிமலைக்கு அந்தாண்ட ஒரு மரவள்ளிக் காட்டுல மோட்டர் வேல. இவரு கையாளுக்குக் காய்ச்சல், அதனால டூல்ஸ் பைய தூக்க நான். பேசாம பைக்குல பின்னாடி ஒக்காந்துக்கினு போனேன். மேல ஏற ஏற குளுரு. சொட்டர் எடுக்கல. யாரு மேல கோவப்படறதுன்னு தெரியல.

வேலி முழுக்க கண்வலிப்பூ. தீ புடிச்ச மாதிரி செவசெவன்னு. கோவத்த மறந்து, பாருங்க எப்படி பூத்திருக்குன்னு சொல்லிட்டேன்.

"எங்க?"ன்னாரு.

வெளாடறாருன்னு நெனச்சேன். வேலியவே பாத்துக்கினு நிக்கறாரு, இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரிக்கும். கண்ணுக்கு நேரா இருக்குது. ஒண்ணப் பறிச்சு கையில குடுத்தேன். "ஓ, பூவா"ன்னாரு. அப்பறம் என் மொகத்த பாக்கல.

எனக்கு அந்த எடத்துலயே பதிவு ஞாபகம் வந்திடிச்சி. பச்சைக்குப் பழுப்பு.

பம்ப் ரூம்ல ஒயர இழுத்து வெச்சுக்கினு வேல பாத்தாரு. டெஸ்டர் வெச்சுப் பாத்து, ஒண்ணுல வெள்ள நூலால ஒரு முடிச்சு போட்டாரு. அடுத்ததுல ரெண்டு. கல்யாணம் ஆனதுலேர்ந்து பாக்கறேன் இந்த நூல் முடிச்ச. கடையில ஒயர் வாங்கினாலும் ஒவ்வொரு கலரும் தனித்தனிப் பையில போட்டுக் குடுக்கணும்னு கடக்காரங்கிட்ட மல்லு கட்டுவாரு. இது ஒரு கிறுக்குன்னு வுட்டுட்டேன்.

வெளிய வந்து கேட்டேன். எத்தினி நாளான்னு.

"சின்ன வயசுலேர்ந்தே. செவப்பும் பச்சையும் எனக்கு ஒண்ணுதான் மேகலா. ஊதாவும் நீலமும் அப்படித்தான்."

எங்கிட்ட ஏன் சொல்லலன்னேன்.

"கலரு தெரியாதவன்னு ஊருக்குத் தெரிஞ்சா எவன் ஒயர் வேல குடுப்பான்?"

நான் ஊரான்னு கேட்டேன். டூல்ஸ் பைய எடுத்து வண்டியில மாட்டினாரு.

எறங்கற வரிக்கும் அழுதேன். ஹெல்மெட் இருந்ததால தெரியல. இத்தினி நாளு மறச்சாரேன்னு கோவம். கண்ணு தெரியலையான்னு ஊரக் கூட்டிக் கேட்டேனே, அந்த வெக்கம் அதுக்கு மேல.

புரட்டாசி 16, வியாழன்

தூறல். கரண்டு வரதும் போறதுமா.

புள்ளி வெக்கப் போறேன். அவரு முடிச்சேதான். விஷத்துக்கு ஒரு புள்ளி. நோய்க்கு ரெண்டு. மந்திரத்துக்கு மூணு. சாபத்துக்குக் குறுக்க ஒரு கோடு. எல்லாம் வெள்ளையில. கலரு எக்கேடோ கெடட்டும்.

முதல் முயற்சி: எல்லா கட்டத்துலயும் புள்ளி. நல்லா இருக்கிறவனுக்கும் புள்ளி. அம்ம போட்ட மாதிரி குழுவே நிக்குது.
ரெண்டாவது: புள்ளியே இல்ல.
மூணாவது: கட்டமே இல்ல.
அப்பறம் கரண்டு போச்சு. சேவ் பண்ணல.

இத எழுதினவன் ஒரு வரி வெளக்கம் வெச்சிருக்கக் கூடாதா. நாசமாப் போக.

சாயங்காலம் வந்திடிச்சி. ஒரு கமா. ஒரே ஒரு கமா. அதுக்கு இவ்ளோ.

இவரக் கூப்ட்டுக் காட்டினேன். சோதன ஓட்டத்துல ஒண்ணு கூட தப்பு இல்ல. ரொம்ப நேரம் ஸ்கிரீனையே பாத்துக்கினு இருந்தாரு. காப்பி ஆறிடிச்சி. இன்னொண்ணு போட்டுக் குடுத்தேன், திட்டாம.

புரட்டாசி 17, வெள்ளி

பி.அ. கூட போன்ல மல்லு. அவரு செட்டிங்க மாத்தக் கூடாதாம். காரணம் கேக்கறாரு. இவரு சொல்லாதங்கறாரு. அவரு மாமனாரு ஊரு கச்சிராயபாளையத்துக்குத் தெரிஞ்சா எங்க ஊரு வடக்கனந்தலுக்குத் தானா வந்து சேரும், எல்லாரும் மோட்டர் வெச்சிருக்கறவங்க.

எனக்குக் கலரு பாத்தா தலவலின்னேன். "உனக்கு இன்னாம்மா, நீ அடிக்கிற ஆளு, ஹீலர் கட்டத்த நீ ஏன் பாக்கற?"ன்னாரு. நியாயமான கேள்வி. பக்கத்துலதான ஒக்காந்துக்கினு இருக்கேன், அவரு ஸ்கிரீன் என் கண்ணுல அடிக்குதுன்னேன். வாழ்க்கையில இவ்ளோ மட்டமான பொய் சொன்னதில்ல. சரி, இந்த ஒரு வாரம் பாக்கலாம்னு வெச்சாரு.

பொட்டுக்கடல மறுபடி மறந்தாச்சு.

புரட்டாசி 19, ஞாயிறு

செத்தா ராணி.

ஒரு விஷம் தங்கல. எல்லாரும் கத்தறாங்க. பி.அ. "நல்லவேள செந்தில் இருந்தான்"னாரு, என் காதால கேட்டேன். அந்தப் புள்ளி நல்லாத்தான் இருக்குது, எல்லா ஹீலருக்கும் அனுப்பும்மான்னும் சொன்னாரு. தலவலி எப்படி இருக்குதுன்னு கேட்டாரு. பரவால்லைங்கண்ணேன்னேன்.

ராத்திரி தோச. எண்ணல. மாவு காலி.

புரட்டாசி 22, புதன்

கேம்ல அப்டேட்.

ஆட்-ஆன் எல்லாம் படுத்துக்கிச்சி. புள்ளி இல்ல, கோடு இல்ல. வெறும் கலரு, அதுவும் பொடி சைஸ்ல. இவனுங்களுக்கு வேற வேலையே இல்லியா. நல்லா ஓடிக்கினு இருக்கறத ஏன்டா நோண்டறீங்க.

நான் ஒட்டின துண்டு என்னுது, அடியில இருக்கற பெரிய ஆட்-ஆன் வேற யாரோ ஒரு புண்ணியவான் எழுதினது. அந்தாளு சரி பண்ணாத்தான் என்னுது நிக்கும். எப்பன்னு கேட்டு எழுதினா, பொறும காக்கவும்னு பதில். பொறுமையாம். எங்கிட்ட.

புரட்டாசி 24, வெள்ளி

பாத்தேன். இல்ல. மறுபடி பாத்தேன். இல்ல. அத்தைக்குக் கால் வீக்கம், கள்ளக்குறிச்சி கூட்டினு போயி வந்தேன், பஸ்ல நின்னுக்கினே போன்ல பாத்தேன். இல்ல.

புரட்டாசி 26, ஞாயிறு

வெயில் பொளக்குது. அந்தப் புண்ணியவான் இன்னும் கை வெக்கல. அடுத்த ராணி இவளோட அக்கா, இன்னும் மோசம்.

நெட் இல்லன்னு சொல்லிடலாம், இல்லன்னா எனக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லலாம்னு இவருகிட்ட சொன்னேன். எத்தினி ஞாயித்துக்கெழம சொல்லுவன்னு கேட்டாரு. கேட்டுட்டு மைக்க போட்டாரு. தடுக்கலாம்னு கைய நீட்டினேன், அதுக்குள்ள பேச ஆரம்பிச்சிட்டாரு.

"அண்ணே, எனக்குக் கலரு தெரியாது. பச்சையும் பழுப்பும் ஒண்ணாத்தான் தெரியும், பொறந்ததுலேர்ந்து. அந்தப் புள்ளி எனக்காவத்தான் இவ வெச்சா. அது இல்லாம என்னால ஆவாது. சரி ஆவற வரிக்கும் வெளிய ஒக்காந்துக்கறேன்."

மைக்குல யாரு வூட்டுலயோ குக்கர் விசிலு.

பி.அ. கடைசியா வாயத் தெறந்தாரு. "எங்க மாமனாரு மோட்டருக்கு ஒயர் கட்டினது நீதான?"

"ஆமாண்ணே."

போச்சு, ஒயர் வேலையும் போச்சுன்னு நெனச்சேன். இவரு மொகம் செத்துப் போயி ஒக்காந்துக்கினு இருக்கறாரு. அப்பறம் மெதுவா கேட்டாரு.

"ஓடுதுங்களாண்ணே?"

"ஓடுது. நேத்து கூட கரும்புக்குப் பாஞ்சுது."

பி.அ.வே மேல பேசினாரு.

"அப்பறம் இன்னா. யாரு மேல இன்னா விழுதுன்னு நான் வாயால சொல்றேன், நீ அமுக்கு. உள்ள வா."

எனக்கு அழுக வந்திடிச்சி. மைக்க அணைச்சிட்டேன், இந்தத் தடவ ஞாபகமா.