முனிராஜ் தராத குத்தகை

12 செப்டம்பர் 1984

வக்கீல் வீட்டுக்குப் போய் மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். மூன்று வருஷம் பொறுத்தாயிற்று, போதும்.

பென்னாகரத்துக்குப் பக்கத்தில் அந்த இரண்டு ஏக்கர் கிணற்றுப் பாசனம், கல்யாணத்தின்போது அப்பா என் பேருக்கு எழுதி வைத்தது. முனிராஜ் குத்தகைக்கு உழுகிறான். அறுவடைக்கு எட்டு மூட்டை நெல் அளக்க வேண்டும். என் கணவர் இருந்தவரை, என் தம்பி குப்புராஜ் அதை விற்று ஒழுங்காகப் பணம் கொண்டுவந்து கொடுத்தான். அவர் போனதோடு அதுவும் நின்றது. ஒரு வருஷம் மழை இல்லை. ஒரு வருஷம் பூச்சி. இந்த வருஷம் முனிராஜுக்கு உடம்பு சரியில்லையாம்.

குப்புராஜிடம் சொல்லவில்லை. தடுப்பான். ஆடியில் வந்தபோதே, "ஏழப்பட்டவன், வுட்டுத்தள்ளுக்கா. கோர்ட்டு கீர்ட்டுனு போனா நம்ம மானந்தான் போவும்" என்றான். சின்ன வயதிலிருந்தே இளகின மனசு. நான் படித்த கான்வென்டில், இரவல் பென்சிலைத் திருப்பித் தராதவளை மதர் சாயங்கால மணி வரை நிற்க வைப்பார். அது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

20 செப்டம்பர்

நோட்டீஸ் போய்ச் சேர்ந்துவிட்டதாம். நிலத்தை விட்டு வெளியேறச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். இன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

7 அக்டோபர், ஞாயிறு

முனிராஜின் மனைவி தீர்த்தம்மாள் பஸ் ஏறி வந்துவிட்டாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"எட்டு மூட்டையும் வாங்கித் தின்னுபுட்டு எங்களயே வெளிய போவச் சொல்றீங்களே, இது நாயங்களா?"

வாயை அளந்து பேசு என்றேன். எனக்கு ஒரு மணி நெல் வரவில்லை என்றேன்.

"களத்துலயே அளந்து உங்க தம்பி வண்டியில ஏத்திக்கிட்டுப் போறாருங்களே. மூணு வருசமும் ஒரு மூட்ட கொறைக்கலீங்க. சரி, அவரு குடுக்கலைன்னே இருக்கட்டும். பொங்கலுக்குப் பொங்கல் உங்க வூட்டுக்கு அரிசி மூட்ட வருதே, அது யாரு வூட்டு அரிசின்னு நெனச்சீங்க? அந்த எட்டுல ரெண்ட மில்லுல அரச்சு, 'அக்காவுக்குக் குத்தகை போவுது'ன்னு சொல்லித்தான் ஏத்துனாரு. மூட்டைய நாந்தான் தெச்சேன்."

"அது சீர்" என்றேன்.

"சீருங்களா?" சிரித்தேவிட்டாள். என் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ ஆத்தா" என்றாள்.

அந்தச் சிரிப்பைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அதற்குப் பிறகு அவள் பட்ட இரக்கத்தை — முடியாது.

8 அக்டோபர்

அவர் போன முதல் பொங்கலுக்கு வாசலில் வண்டி வந்து நின்றபோது தெருவே பார்த்தது. ஒரு மூட்டை அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்புக் கட்டு, ஒரு புடவை. புருஷன் போனாலும் பிறந்த வீடு போகவில்லை என்று நான்தானே எல்லாரிடமும் சொன்னேன்? சீர் கொண்டுவந்த தம்பி வெறுங்கையோடு போகக்கூடாது என்று அவன் பெரியவளுக்குத் தோடு செய்து போட்டேனே! என் நெல்லை விற்று எனக்கே புடவை. அதற்கு நன்றி வேறு.

ஒருமுறையாவது வயலுக்குப் போயிருக்கலாமே? போகவில்லை. தம்பி இருக்கும்போது அக்கா களத்துக்குப் போய் நிற்பதா, அவனுக்கல்லவா அவமானம் என்று நினைத்தேன். அவனுக்கு!

14 அக்டோபர்

குப்புராஜ் வந்தான். மறுக்கவே இல்லை. மறுத்திருந்தால் நம்பித் தொலைத்திருப்பேனோ என்னவோ.

"சீருன்னா சீர்தானேக்கா, எங்கிருந்து வந்தா என்ன? உனக்கெதுக்கு எட்டு மூட்ட? ஒத்த வயிறு. எனக்கு ரெண்டு பொட்டப்புள்ளைங்க. அப்பா அந்த நெலத்த உம்பேருக்கு எழுதுறப்ப என்னை ஒரு வார்த்த கேட்டாரா?"

நாற்பது வருஷமாக இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டா என் வீட்டில் காபி குடித்தான்?

போகும்போது குரல் தாழ்ந்தது. "கோர்ட்டுல, 'நாந்தான் வாங்கினேன், வயசாச்சு, மறந்துட்டேன்'னு சொல்லிடுக்கா. ஒரு வார்த்த. சம்பந்தம் பேசிக்கிட்டிருக்கோம், பேரு கெட்டுடும்."

15 அக்டோபர்

ஒத்த வயிறு. ஒத்த வயிறாம்.

22 நவம்பர்

ரெவின்யூ கோர்ட்டில் விசாரணை. முனிராஜும் தீர்த்தம்மாளும் சுவரோரம் நின்றார்கள். குப்புராஜ் வெளியே வேப்பமரத்தடியில். வக்கீல் காதோடு, "பாக்கி தீர்ந்ததுன்னு மட்டும் சொல்லுங்கம்மா, மேற்கொண்டு யாரும் கேக்கமாட்டாங்க" என்றார்.

அப்படியே சொன்னேன். பாக்கி இல்லை, மனுவை வாபஸ் வாங்குகிறேன் என்று. ஆனால் அதிகாரி கேட்டார்: "அப்ப ஏம்மா கேஸ் போட்டீங்க? வாங்கினது யாரு?"

மறந்துவிட்டேன் என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் நான் எதையும் மறப்பவள் இல்லை. வாங்கிக்கொண்டே வாங்கவில்லை என்று ஓர் ஏழை மேல் பொய்ப்புகார் கொடுத்தவளாகவா என் பெயர் பதிவாக வேண்டும்?

"என் கூடப்பிறந்த தம்பி குப்புராஜ் வாங்கிக்கொண்டான். எனக்குத் தரவில்லை. முனிராஜ் மேல் தப்பில்லை. எழுதிக்கொள்ளுங்கள்."

என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் யாரும் இல்லை.

முனிராஜ் மட்டும் பஸ் ஸ்டாண்டு வரை கூட நடந்து வந்தான். "இனிமே நெல்ல நேரா உங்க வூட்டுலயே போட்டுடறேனுங்க" என்றான். நானே களத்துக்கு வருவேன் என்றேன்.

9 டிசம்பர்

குப்புராஜின் பெரியவளுக்கு நிச்சயமாம். வேறு யாரோ சொல்லித் தெரிந்தது. பழைய பேச்சு முறிந்து, அரூரில் வேறு இடம். எனக்கு அழைப்பில்லை. அந்தக் குழந்தை என்ன செய்தது, பாவம்.

12 ஜனவரி 1985

பொங்கல் கூட்டம். உசேன் ஜவுளிக்கடைக்குப் போனேன். வாசலோரமே நிற்க வேண்டியிருந்தது, உள்ளே அவ்வளவு நெரிசல். கூடப்பிறந்தவளுக்கு, மகளுக்கு என்று ஆண்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சாம்பல் நிறத்தில் கரை மெலிந்த நூல் புடவை ஒன்றைக் கேட்டேன்.

"சீருக்குங்களாம்மா? தட்டுல வெச்சுத் தரட்டுங்களா?"

"வேண்டாம். எனக்குத்தான். காகிதத்தில் சுற்றிக் கொடுங்கள்."