ஆளில்லா டாக்சிக்கு நீட்டிய சிகரெட்

என் ஃபெங்யிங்கிற்கு, வூஹானிலிருந்து ஷுன்ஃபா எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? அத்தையைக் கேட்டதாகச் சொல்.

நேற்றுக் காலை கல்யாண விருந்துக்கு என் வண்டியில் உயிர்மீன் ஏற்றிப் போனேன். செத்தால் வாங்க மாட்டார்கள். சந்து முனையில் ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் டாக்சி ஒன்று வழியை அடைத்து நின்றது. யாரிடம் காரியம் ஆகவேண்டுமென்றாலும் முதலில் சிகரெட் நீட்டும் பழக்கதோஷம், இறங்கிப்போய், வழி விடச் சொல்லி அதன் முன்கண்ணாடிக்கு நேரே சிகரெட் நீட்டினேன். அசையவில்லை. இன்னொன்றும் நீட்டினேன்.

டோஃபு விற்கும் தோவ் அக்கா கத்தினாள்: "உள்ள ஆளே இல்ல, யாருக்குடா சிகரெட்டு? நீ முன்னால நின்னா அது எப்படிடா நகரும்? தள்ளுடா!"

"மரியாதை தெரியாத வண்டி அக்கா இது!" என்று விலகினேன். உடனே போய்விட்டது.

ஒரு மீன்தான் செத்தது. அதை நானே சமைத்தேன். ஒருவனால் பாதிதான் தின்ன முடிந்தது. உன் மிளகாய் ஊறுகாய் ஒரு பாட்டில் அனுப்பு.

அந்த இரண்டு சிகரெட்டும் அடுத்தவருக்கு நீட்ட வைத்திருந்தவை. வாங்க ஆளில்லாததால், உனக்குச் செய்த சத்தியத்தை மீறி நானே பிடித்துவிட்டேன். நன்றாகத் திட்டு. போனில் வேண்டாம், சட்டென்று தீர்ந்துவிடும். கடிதமாக, இரண்டு பக்கமாவது எழுது.

மீன் லாரி வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் ஷுன்ஃபா